கிராண்ட் கேன்யன்: முதல் தடவை போகிறவர்கள் எந்தப் பக்கம் போகலாம்?

கேள்வி இது: மே மாதக் கடைசியில் மதுரையிலிருந்து அம்மாவும் அப்பாவும் அமெரிக்கா வருகிறார்கள். இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. லாஸ் வேகஸில் இறங்கி, வாடகைக் காரில் மூன்று நாள். சவுத் ரிம், நார்த் ரிம், வெஸ்ட் ரிம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை முதலில் பார்ப்பது? மூன்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாமா?

சவுத் ரிம்முக்குப் போங்கள். இரண்டு இரவும் அங்கேயே தங்குங்கள். மூன்றையும் முடிக்கக் கிளம்பினால் அம்மா அப்பா பார்க்கப்போவது பெரும்பாலும் அரிசோனாவின் நெடுஞ்சாலைகளைத்தான்.

முதலில் தூரக் கணக்கு. மூன்றுக்கும் ‘ரிம்’, அதாவது விளிம்பு என்று பெயர் இருப்பதால் பக்கத்துப் பக்கத்துத் தெரு போலத் தோன்றும். அரிசோனாவில் கொலராடோ ஆறு வெட்டிய இந்தப் பெரும்பள்ளத்தின், அதாவது கேன்யனின் நீளம் ஆற்றின் போக்கில் 277 மைல். சவுத் ரிம்மிலுள்ள கிராமத்திலிருந்து நேர் எதிரே நார்த் ரிம், பறவை பறக்கும் தூரம் சுமார் 10 மைல். காரில் போனால் 215 மைல், நாலரை மணி நேரத்துக்குக் குறையாது. நடுவில் கார் போகும் பாலம் எதுவும் இல்லை. கிழக்கே மார்பிள் கேன்யனில் இருக்கும் நவாஹோ பாலம் வரை சுற்றிப் போய்த்தான் கொலராடோ ஆற்றைக் கடக்க முடியும். வெஸ்ட் ரிம்மிலிருந்து சவுத் ரிம் சுமார் 240 மைல், நான்கு மணி நேரம். ‘போகிற வழியில் வெஸ்ட் ரிம்மை எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம்’ என்று யாராவது சொன்னால், அவர் வரைபடத்தைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

வேகஸிலிருந்து வெஸ்ட் ரிம் சுமார் 130 மைல், இரண்டு முதல் இரண்டரை மணி நேரம். சவுத் ரிம் 280 மைல், நாலரை மணி நேரம். நார்த் ரிம்மும் ஏறக்குறைய அதே தூரம்தான். இங்கேதான் பலர் முதல் தவறைச் செய்கிறார்கள். வேகஸில் இருந்துகொண்டு மேப்பில் வெறுமனே ‘கிராண்ட் கேன்யன்’ என்று தேடினால், கிட்டத்தில் இருக்கிற வெஸ்ட் முதலில் வந்து நிற்கும். ‘கிராண்ட் கேன்யன் ஒரு நாள் டூர்’ என்று விற்கப்படும் பஸ் பயணங்களில் பலவும் அங்கே போகிறவைதான். டிக்கெட் எடுக்குமுன் எந்த ரிம் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மேப்பில் ‘கிராண்ட் கேன்யன் விசிட்டர் சென்டர், சவுத் ரிம்’ என்று முழுதாகப் போட்டு, அந்தப் பகுதியை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வழியில் வரும் வில்லியம்ஸ் என்ற ஊரைத் தாண்டினால் சிக்னலை நம்பிப் பயனில்லை.

இனி, ஏன் தெற்கு என்பதற்கு வருவோம். கூட்டம் அங்கே போகிறது என்பது ஒரு காரணமே அல்ல. ஆண்டுக்கு 50 லட்சத்தை ஒட்டி வருகிறவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் சவுத் ரிம்முக்குத்தான் போகிறார்கள். அது அதன் குறை. காரணம் மண்ணில் இருக்கிறது.

பாறை அடுக்குகள் பார்வைக்குத் தட்டையாகக் கிடந்தாலும், இந்தப் பகுதியில் வடக்கிலிருந்து தெற்கு நோக்கி இலேசாகச் சரிந்திருக்கின்றன. வடக்கே கைபாப் பீடபூமியில் பெய்யும் மழையும் உருகும் பனியும் அந்தச் சரிவோடு ஓடிவந்து பள்ளத்துக்குள்ளேயே இறங்குகின்றன. இறங்கும் வழியெல்லாம் அரித்து, நீள நீளமான கிளைப் பள்ளத்தாக்குகளை வெட்டி, வடக்கு விளிம்பை ஆற்றிலிருந்து பின்னுக்குத் தள்ளிவிட்டன. தெற்கே பெய்யும் மழையோ பள்ளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேலும் தெற்கே ஓடிவிடுகிறது. அதனால் தெற்குச் சுவர் அவ்வளவாகத் தேயாமல் செங்குத்தாக நிற்கிறது. ஆறு பள்ளத்தின் நடுவில் ஓடாமல் தெற்குப் பக்கம் ஒதுங்கி ஓடுவதன் ரகசியம் இதுதான். இதைக் காலால் அளந்தும் பார்க்கலாம்: தெற்கிலிருந்து சவுத் கைபாப் பாதையில் இறங்கினால் 7 மைலில் ஆறு வந்துவிடும், வடக்கிலிருந்து நார்த் கைபாப் பாதையில் 14 மைல் நடக்க வேண்டும்.

பார்வையாளருக்கு இதனால் என்ன? சவுத் ரிம்மில் நின்றால் காலடியிலேயே தரை விழுந்துவிடுகிறது. எதிரே வடக்குப் பக்கத்தின் கோபுரம் கோபுரமான குன்றுகளும் கிளைப் பள்ளங்களும் ஒரே விரிப்பில் தெரியும். படத்தில் பார்த்துப் பார்த்து மனதில் பதிந்திருக்கிற கேன்யன் அதுதான். நார்த் ரிம்மில் நிற்கிறவர் அந்தக் கிளைப் பள்ளங்களில் ஒன்றின் தலைமாட்டில் நிற்கிறார். காட்சி ஆழமாக இருக்கும், ஆனால் துண்டுதுண்டாகத்தான் பிடிபடும். பெரும்பாலான இடங்களில் ஆறு கண்ணில் படாது. இன்னொன்று வெளிச்சம். தெற்கிலிருந்து பார்க்கும்போது எதிர்ச்சுவர் சூரியனைப் பார்த்தபடி இருப்பதால் காலையிலிருந்து மாலைவரை அதன்மேல் வெயில் இருக்கும். வடக்கிலிருந்து பார்த்தால் எதிரே இருப்பது சூரியனுக்கு முதுகு காட்டும் சுவர். பகல் நேரத்தில் சூரியன் நம் கண்ணுக்கு நேராக நின்று, பள்ளம் முழுவதையும் நீலப் புகைமூட்டமாக்கிவிடும். தெற்கை ஒரு தடவை பார்த்து எந்தக் குன்று எங்கே என்று மனதில் வாங்கிக்கொண்ட பிறகு வடக்குக்குப் போனால், அதே குன்றுகளின் பின்பக்கத்தைப் பார்க்கிற சுவை வரும். தலைகீழாகப் போனால் அந்தச் சுவை கிடைப்பதில்லை.

வெஸ்ட் ரிம்மைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். அது தேசியப் பூங்காவே அல்ல. ஹுவாலாபாய் பழங்குடியினரின் நிலம், அவர்களே நடத்துகிற இடம். பூங்காவின் பாஸ் அங்கே செல்லாது, கட்டணம் தனி, ஆளுக்கு இவ்வளவு என்று. 2007-இல் திறந்த ஸ்கைவாக், குதிரை லாடம்போல வளைந்து விளிம்பிலிருந்து 70 அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடி நடைமேடை. பள்ளத்தின் அடிவரை 4,000 அடி என்று விளம்பரம் சொல்லும். அது நிற்பதோ ஒரு பக்கப் பள்ளத்தின்மேல். ஆற்றை நன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் குவானோ பாயின்ட் போக வேண்டும். வௌவால் எச்சத்தை உரத்துக்காக வெட்டி எடுக்க 1950-களில் அமைத்த கம்பிவடத்தின் இரும்புக் கோபுரம் அங்கே இன்னும் நிற்கிறது. ஸ்கைவாக்கை விட எனக்குப் பிடித்த சமாசாரம் அது. ஹெலிகாப்டரில் பள்ளத்தின் அடிவரை இறங்கிப் படகில் போவதும் இங்கேதான் முடியும். தேசியப் பூங்காப் பக்கம் சுற்றுலா ஹெலிகாப்டர் உள்ளே இறங்காது. ஆனால் இங்கே பள்ளம் குறுகல். சவுத் ரிம்மின் விரிவும் நிற அடுக்குகளும் இல்லை. உயரமும் 2,000 அடிக்கு மேல் குறைவு என்பதால் மே கடைசியில் வெயில் மண்டையைப் பிளக்கும். கண்ணாடிமேல் நடக்க ஆசை, கையில் இருப்பது ஒரே நாள் என்றால் போகலாம். ‘கிராண்ட் கேன்யன் பார்த்தாயிற்று’ என்று சொல்லிக்கொள்ள மட்டும் போனால், பிறகு ஒருநாள் சவுத் ரிம்மைப் பார்க்கும்போது மனம் கொஞ்சம் உறுத்தும்.

நார்த் ரிம்முக்கு இப்போது வேறு ஒரு கணக்கு இருக்கிறது. 2025 ஜூலை 4 அன்று மின்னல் விழுந்து பற்றிய டிராகன் பிராவோ காட்டுத்தீ, ஒரு வாரத்துக்குப் பின் காற்றில் கிளம்பி, விளிம்பிலேயே நின்ற கிராண்ட் கேன்யன் லாட்ஜை எரித்துவிட்டது. 1928-இல் கட்டி, 1932-இல் ஒருமுறை எரிந்து, மறுபடி எழுப்பிய கட்டடம் அது. சுற்றியிருந்த குடில்களும் போயின. மொத்தம் எரிந்த பரப்பு 1,45,000 ஏக்கர் அளவில். வடக்குப் பக்கம் பூங்காவுக்குள் தங்குவதற்கு இருந்த ஒரே லாட்ஜ் அதுதான். தீ இல்லாத ஆண்டிலும் நார்த் ரிம்மின் வசதிகள் மே 15-இலிருந்து அக்டோபர் 15 வரை மட்டுமே. 8,000 அடி உயரம், குளிர்காலத்தில் சராசரியாக 12 அடியை ஒட்டிப் பனி விழும் இடம். எந்தச் சாலை, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று பூங்காவின் இணையதளத்தில் அந்த வாரமே பார்க்காமல் அந்தப் பக்கம் காரைத் திருப்ப வேண்டாம். வயதானவர்களோடு முதல் பயணம் என்றால் இந்த ஆண்டு அந்தப் பேச்சே வேண்டாம்.

(ஒரு வேடிக்கை: சவுத் ரிம்மில் குழாயில் வரும் குடிநீர் வடக்குச் சுவரின் ரோரிங் ஸ்பிரிங்ஸ் ஊற்றிலிருந்து, பள்ளத்துக்குள் இறங்கி மறுபக்கம் ஏறி வருகிறது. 1960-களில் போட்ட குழாய், அடிக்கடி உடைகிறது. 2024 ஆகஸ்ட் கடைசியில் ஒரே சமயத்தில் பல இடங்களில் உடைந்து, சவுத் ரிம்மில் சில நாள் யாரையும் இரவு தங்கவிடவில்லை. கிளம்புமுன் இந்த அறிவிப்பையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.)

இப்போது உங்கள் மூன்று நாள்.

தங்குமிடத்தை முதலில் பிடியுங்கள். பூங்காவுக்குள் கிராமத்திலேயே இருக்கும் லாட்ஜுகள் பல மாதம் முன்பே நிரம்பிவிடும். ஆனால் ரத்தாகும் அறைகள் தினமும் கொஞ்சம் திரும்பி வரும், காலையில் ஒருமுறை இரவில் ஒருமுறை பார்த்துக்கொண்டே இருந்தால் மாட்டும். கிடைக்காவிட்டால் வாசலுக்கு வெளியே இருக்கும் டுசாயன் ஊர். அதுவும் இல்லையென்றால் வில்லியம்ஸ், 60 மைல். வில்லியம்ஸில் தங்கினால் விலை குறையும், ஆனால் விடியலும் அஸ்தமனமும் பார்க்க இருட்டில் ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டிவரும். அந்தச் சாலையில் எல்க் எனப்படும் பெரிய மான், குதிரை அளவுக்கு, எந்த நேரமும் குறுக்கே வந்து நிற்கும். இருட்டிவிட்டால் 45 மைல் வேகத்துக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. மே மாதத்தின் கடைசித் திங்கள் அமெரிக்காவில் விடுமுறை நாள். அந்த வார இறுதியைத் தவிர்த்து, செவ்வாய்க்கிழமை போல நுழைய முடிந்தால் பாதிக் கஷ்டம் குறையும்.

முதல் நாள் காலை ஏழு மணிக்கு வேகஸை விட்டால், கிங்மேன், வில்லியம்ஸ் வழியாக இரண்டு மணியளவில் வாசலில் இருப்பீர்கள், சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்து. வில்லியம்ஸிலேயே பெட்ரோலை நிரப்பிவிடுங்கள். கேன்யன் கிராமத்துக்குள் பங்க் கிடையாது. தயிர், பழம், ரொட்டி எல்லாம் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். டுசாயனில் சைவம் என்றால் பீட்சா, பொரித்த உருளைக்கிழங்கு என்ற அளவில்தான் ஓடும். ஒரு சின்ன எலெக்ட்ரிக் குக்கர் பெட்டியில் இருந்தால் அம்மா நிம்மதியாக இருப்பார். அறையில் சமைக்க அனுமதி உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நுழைவாயிலில் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் வரிசை நீளும். விசிட்டர் சென்டர் பார்க்கிங்கும் அதே நேரத்தில் நிரம்பி வழியும். பிற்பகலில் போகிறவர்களுக்கு இரண்டும் தளர்ந்திருக்கும். அன்று மாலை மேதர் பாயின்ட் மட்டும் போதும். பார்க்கிங்கிலிருந்து ஐந்து நிமிட நடை, சமதளம், கைப்பிடிக் கம்பி உண்டு. வந்த அன்றே நிறைய நடக்க வைக்காதீர்கள். சவுத் ரிம் சுமார் 7,000 அடி, நம் கொடைக்கானல் உயரம். ஆனால் கொடைக்கானலின் ஈரம் இங்கே துளியும் கிடையாது. உதடு வெடிக்கும், தொண்டை காயும், மூச்சு சற்று வாங்கும். இதயம் அல்லது நுரையீரல் சிக்கல் இருந்தால் ஊரிலேயே மருத்துவரிடம் இந்த உயரத்தைச் சொல்லி ஒரு வார்த்தை கேட்டுவரச் சொல்லுங்கள்.

இரண்டாம் நாள் விடியல். மே கடைசியில் ஐந்தே கால் வாக்கில் சூரியன் எழுகிறது. பகலில் 21 டிகிரி இதமாக இருக்கும் அதே ஊர் விடியலில் 4 டிகிரிவரை இறங்கும். ‘கோடைதானே’ என்று ஒரு சால்வையோடு வருகிறவர்கள் பத்து நிமிடத்தில் காருக்குள் ஓடிவிடுவார்கள். காதை மூடும் குல்லாவும் காற்றுப் புகாத மேல்சட்டையும் கட்டாயம். சூரியன் வந்த அந்தக் கணத்தை விட, வந்து அரை மணி நேரத்துக்குள் நடப்பதுதான் விசேஷம்: முதலில் எதிர்க்கரையின் உச்சி வெளுக்கும், பிறகு வெளிச்சம் ஒவ்வொரு அடுக்காகக் கீழே இறங்கும். ஆகவே எல்லோரும் போட்டோ எடுத்துவிட்டுக் கிளம்பும்போது நீங்கள் கிளம்பாதீர்கள்.

சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்கு டெசர்ட் வியூ சாலையில் கிழக்கே ஓட்டுங்கள். சுமார் 25 மைல், சொந்தக் காரில் போகலாம். எல்லாத் திருப்பத்திலும் நிற்க வேண்டியதில்லை. கிராண்ட்வியூ, லிபன் பாயின்ட், கடைசியில் டெசர்ட் வியூ, இந்த மூன்று போதும். லிபனில் ஆறு பெரிய எஸ் வளைவாகத் தெரியும். மேலே படுத்திருக்கும் அடுக்குகளுக்குக் கீழே, சாய்ந்து கிடக்கும் வேறொரு பாறைக் கூட்டமும் அங்கே தெளிவாகத் தெரியும். கிராமத்துப் பக்கம் அது இவ்வளவு நன்றாகக் கண்ணில் படாது. டெசர்ட் வியூவின் காவற்கோபுரத்தை மேரி கோல்ட்டர் என்ற கட்டடக் கலைஞர் 1932-இல், பழங்குடிகளின் பழைய கோபுரங்களைப் பார்த்து வடிவமைத்தார். 70 அடி உயரம். உள்ளே ஹோப்பி பழங்குடி ஓவியர் ஃபிரெட் கபோட்டி வரைந்த சுவரோவியங்கள். படி குறுகல், முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், விளிம்புக் காட்சி வெளியிலிருந்தே கிடைக்கும். ஒரு மணிக்குள் அறைக்குத் திரும்பி ஒரு தூக்கம். நடுப்பகலில் கேன்யன் தட்டையாக வெளுத்துப்போய்த் தெரியும். அந்த நேரத்தில் அலைவது வீண்.

மாலை ஹெர்மிட் சாலை. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுவது. 7 மைல் நீளச் சாலை. மார்ச் 1 முதல் நவம்பர் 30 வரை சொந்தக் கார் போக முடியாது, இலவச ஷட்டில் பஸ்தான், சிவப்பு வழித்தடம். மேற்கே போகும்போது எல்லா முனையிலும் நிற்கும். திரும்பி வரும்போது பீமா, மொஹாவி, பவல் மூன்றில் மட்டும் நிற்கும். அஸ்தமனத்துக்குப் பேர்போன ஹோப்பி பாயின்ட்டில் திரும்பும் பஸ் நிற்காது. ஹோப்பியில் இறங்கி அஸ்தமனம் பார்த்த கூட்டம் அத்தனையும், மேற்கே கடைசிவரை போய்ச் சுற்றி வரும் பஸ்ஸுக்காக இருட்டில் காத்திருக்கும். அதனால் நான்கு மணிக்கு ஏறி முதலில் கடைசி நிறுத்தமான ஹெர்மிட்ஸ் ரெஸ்ட் வரை போய்விடுங்கள். அங்கே ஒரு தேநீர். திரும்பும் பஸ்ஸில் பீமாவில் இறங்குங்கள். காற்று அடங்கிய நேரத்தில் அங்கே ஆற்றின் இரைச்சல் மேலேவரை கேட்கும். பிறகு மொஹாவியில் இறங்கி அங்கேயே அஸ்தமனம், ஏழரை மணியைச் சுற்றி. ஆறும் தெரியும், சிவந்த சுவரும் தெரியும், ஹோப்பியை விடக் கூட்டமும் குறைவு. எங்கும் இறங்காமல் போய்வரவே 80 நிமிடம் ஆகும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பஸ் ஏறி இறங்குவதே சிரமம் என்றால், நுழைவாயிலிலோ விசிட்டர் சென்டரிலோ மாற்றுத்திறனாளிகளுக்கான சாலை அனுமதிச் சீட்டைக் கேளுங்கள். அது இருந்தால் உங்கள் காரிலேயே ஹெர்மிட் சாலைக்குள் போகலாம். கேட்டவர்களுக்குத்தான் இது தெரியும்.

மூன்றாம் நாள் காலை யாவபாய் புவியியல் அருங்காட்சியகத்திலிருந்து கிராமம் நோக்கி விளிம்போரமாக நடக்கலாம். தார் போட்ட சமப் பாதை. குனிந்து பாருங்கள்: ஒவ்வொரு மீட்டருக்கும் தரையில் ஓர் உலோகக் குமிழ் பதித்திருக்கும். ஒரு மீட்டர் என்றால் 10 லட்சம் ஆண்டு. கையெட்டும் உயரத்தில், அந்தந்த வயதுக்கு நேராக, கேன்யனுக்குள்ளிருந்து எடுத்துவந்த பாறையை ஒரு முகம் மட்டும் வழவழப்பாகத் தேய்த்து நிறுத்தியிருக்கிறார்கள். தொட்டுப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். விளிம்பின் மேற்பரப்பான கைபாப் சுண்ணாம்புக்கல் 27 கோடி ஆண்டு, அதாவது 270-ஆவது குமிழ். பள்ளத்தின் நடுவே பெருஞ்சுவராக நிற்கும் ‘ரெட்வால்’ சிவப்புப் பாறை என்றே எல்லோரும் நினைப்பார்கள். உடைத்துப் பார்த்தால் சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல். மேலே இருக்கும் அடுக்குகளின் இரும்புச் சத்து மழையில் வழிந்து பூசிய சாயம்தான் அந்தச் சிவப்பு. ஆற்றங்கரைக் கரும்பாறைக்கு வரும்போது 1,700-ஐத் தாண்டியிருப்பீர்கள். எழுத்து கண்டுபிடித்த நாளிலிருந்து இன்றுவரை மனிதர் சரித்திரம் முழுவதும் இந்தக் கணக்கில் அரை சென்டிமீட்டர், முதல் குமிழின் ஓரத்துக்குள் அடங்கிவிடும். நடை இரண்டு கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். முடியாதவர்கள் நடுவில் பஸ் பிடித்துக்கொள்ளலாம். பதினொரு மணிக்குக் கிளம்பினால் மாலை வேகஸ்.

உள்ளே இறங்கும் ஆசை உங்களுக்கு இருந்தால், இரண்டாம் நாள் மதியம் பெற்றோர் தூங்கும்போது வேண்டாம். பத்து மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் இறங்காதே என்பது பூங்காக் காவலர்களான ரேஞ்சர்கள் சொல்லும் முதல் பாடம். மூன்றாம் நாள் விடிந்ததும் சவுத் கைபாப் பாதையில் ஊ ஆ பாயின்ட் வரை போய்வரலாம். போக 0.9 மைல், வர 0.9 மைல், இறக்கம் 760 அடி. பாதையின் தொடக்கத்துக்குச் சொந்தக் கார் போகாது, ஷட்டில் உண்டு. வழியில் தண்ணீர் ஒரு சொட்டு கிடையாது. இறங்க எவ்வளவு நேரமோ ஏற அதற்கு இரட்டிப்பு என்று கணக்கு வைத்துக்கொண்டு, திரும்பும் நேரத்தை முன்பே தீர்மானித்துவிடுங்கள். இந்தப் பள்ளத்தின் பொல்லாத்தனம் இதுதான்: மலையேற்றத்தில் களைத்தால் இறங்கிவிடலாம், இங்கே களைத்தபின்தான் ஏற்றமே ஆரம்பிக்கும். கீழே போகப்போகச் சூடும் ஏறும். ஆற்றங்கரையில் விளிம்பை விட 11 டிகிரி கூடுதல், கோடையில் 40-ஐத் தாண்டுவது சாதாரணம். ஆறுவரை போய் ஒரே நாளில் திரும்புவதை நினைத்தும் பார்க்காதீர்கள். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடித்து, உப்புச் சேர்க்காமல் இருப்பவர்களுக்கு இரத்தத்தில் சோடியம் இறங்கி மயக்கம் வரும். முறுக்கும் கடலையும் பையில் இருப்பது இங்கே நொறுக்குத்தீனி அல்ல, மருந்து. கோவேறு கழுதைகள் வந்தால் பாதையின் மலைப் பக்கம் ஒதுங்கி அசையாமல் நில்லுங்கள், பள்ளத்துப் பக்கம் அல்ல. அம்மா அப்பாவுக்கும் ‘உள்ளே இறங்கினோம்’ என்று சொல்ல ஆசை இருந்தால் பிரைட் ஏஞ்சல் பாதையில் முதல் சுரங்க வாயில்வரை, ஏழெட்டு நிமிட நடை, கூட்டிப்போய்த் திரும்புங்கள்.

விளிம்பில் பெரும்பாலான இடங்களில் கம்பி வேலி இல்லை. ஆறடி தள்ளியே நிற்பது விதி. செல்ஃபிக்காகப் பின்னால் நகர்வதுதான் ஆபத்தான பழக்கம். அணிலுக்குத் தீனி போடவேண்டாம். இங்கே ஆட்களைக் கடிக்கிற விலங்குகளில் முதலிடம் அதற்குத்தான்.

பண விஷயம். காருக்கு 35 டாலர், ஏழு நாள் செல்லும், தெற்கு, வடக்கு இரண்டு ரிம்முக்கும் சேர்த்து. ஆனால் 2026 ஜனவரி 1 முதல், கிராண்ட் கேன்யன் உட்பட 11 பூங்காக்களில், அமெரிக்காவில் வசிக்காத, 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஆளுக்கு 100 டாலர் கூடுதல். விசிட்டர் விசாவில் வரும் பெற்றோர் இதில் வருவார்கள். வெளிநாட்டவருக்கான ஆண்டுப் பாஸ் 250 டாலர். ஒரே பூங்கா, இரண்டு பேர் என்றால் பாஸ் இல்லாமலே போகலாம். ஸயன், பிரைஸ், யோசெமிட்டி என்று இன்னொன்றும் திட்டத்தில் இருந்தால் பாஸ்தான் இலாபம். யார் யாரை எந்தப் பாஸில் சேர்க்கலாம் என்பதைப் பூங்காவின் கட்டணப் பக்கத்தில் படித்துவிட்டு வாங்குங்கள், பாஸ்போர்ட்டும் உங்கள் ஓட்டுநர் உரிமமும் கையில் இருக்கட்டும்.

இந்தப் பதில் மாறுகிற சந்தர்ப்பங்களும் உண்டு. கையில் ஒரே ஒரு நாள், மாலை வேகஸுக்குத் திரும்பியாக வேண்டும் என்றால், சவுத் ரிம்முக்கு ஒன்பது மணி நேரம் வண்டி ஓட்டி மூன்று மணி நேரம் பார்க்க அறுபது வயதுக்காரர்களை வதைக்க வேண்டாம், வெஸ்ட் போங்கள். ஜூலை, ஆகஸ்டில் வருகிறவர்கள் பிற்பகல் இடிமழையைக் கணக்கில் வைத்து விளிம்பு நடையைக் காலையிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். டிசம்பர், ஜனவரியில் சவுத் ரிம்தான் கதி. கூட்டமில்லாமல் பனி பூத்த பள்ளம், ஹெர்மிட் சாலையில் சொந்தக் கார் வேறு போகலாம். ஆனால் காலணிக்கு அடியில் மாட்டும் பனி ஆணிகள் இல்லாமல் நடைபாதையில் கால் வைக்காதீர்கள். அரிசோனா கடிகாரத்தை மாற்றுவதில்லை என்பதால் குளிர்காலத்தில் வேகஸை விட ஒரு மணி நேரம் முன்னே ஓடும். மே மாதத்தில் இரண்டும் ஒன்றே.

நார்த் ரிம்மை ஸயன், பிரைஸ் பார்க்கும் அடுத்த பயணத்தோடு சேர்த்து வையுங்கள். வரைபடத்தில் அரிசோனாவானாலும் சாலைப்படி அது யூட்டா பக்கத்து ஊர்தான். அப்போது ஜேக்கப் லேக்கில் டாங்கை நிரப்பிவிட்டு 67-ஆம் எண் சாலையில் திரும்பினால் 44 மைல். வழியில் வெள்ளை வால் அணில் குறுக்கே ஓடினால் காரை மெதுவாக்குங்கள். தெற்குக் கரையில் இருக்கும் அதன் ஒன்றுவிட்ட சொந்தத்துக்குச் சாம்பல் வால், வெள்ளை வால் கைபாப் அணிலை இந்தப் பீடபூமியில் மட்டும்தான் பார்க்க முடியும்.